மறு: ஸ்ட்ரெயிட்னரில் போட்ட சுருள் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை

தோழி, 230 டிகிரியில் வைத்தும் சுருள் நிற்கவில்லை, நடுவில் மடிப்புக் கோடு வேறு விழுகிறது என்கிறீர்கள். முதலில் அந்தச் சூட்டைக் குறையுங்கள். உங்களுடைய மெல்லிய முடிக்கு 150, 160 போதும். 230 கருக்கத்தான் செய்யும்.

சுருள் இறங்குவது சூடு போதாமல் இல்லை, ஆறவிடாததால். முடியின் புரதமான கெராட்டினில், அதன் வடிவத்தைப் பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் தளரும். ஆறும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே மறுபடி இறுகும். சுடச்சுட விரலால் கோதினால் சுருள் எப்படி நிற்கும்? ஒவ்வொரு சுருளையும் அப்படியே சுருட்டித் தலையோடு கிளிப் போட்டு, நன்றாக ஆறிய பிறகு அவிழுங்கள். அதுவரை சீப்பு வேண்டாம்.

கோடு விழுவது ஓரிடத்தில் அழுத்திப் பிடித்து நிற்பதால்தான். ஒரு அங்குல அகலக் கற்றையாக எடுத்து, கருவியை அரைவட்டம் திருப்பி, நிறுத்தாமல் மெதுவாக நுனிவரை இழுங்கள். பரிசுப் பொட்டல ரிப்பனைக் கத்தரிக்கோலால் இழுத்துச் சுருட்டுவோமே, அதே கைவாகு.

முந்தின நாள் தேங்காய் எண்ணெயோடு ஆரம்பிக்காதீர்கள். அலசி, முழுதாகக் காயவைத்து, சூட்டிலிருந்து முடியைக் காக்கும் ஹீட் புரொடெக்டன்ட் தடவி, அதுவும் காய்ந்த பிறகே சூடு காட்டுங்கள். ஈர முடியில் வைத்தால் உள்ளேயே நீர் ஆவியாகி முடியை உடைக்கும்.

ரிசப்ஷனுக்குப் பூ வைப்பதாக இருந்தால், ஈரத் துணியில் சுற்றிவைத்த மல்லிகையை உதறிக் காயவிட்டு வையுங்கள். ஈரம் பட்ட இடத்தில் சுருள் போய்விடும்.