ஆவணியில் எல்லாம் மேட்டுக்காணிதான்

கேள்வி: முத்தையன்கட்டுப் பக்கம் அரை ஏக்கர் காணி விலைக்கு வந்திருக்கிறது. ஆவணியில் போய்ப் பார்த்தோம், மேட்டுக்காணி மாதிரித்தான் இருந்தது. பழைய கிணறு ஒன்றும் உண்டு. பெர்மிற் காணிதான், ஆனால் பிரச்சினை வராது என்கிறார் விற்பவர். வாங்கி வீடு கட்டலாமா?
- வாசகி, வவுனியா

பதில்: பிரச்சினையே அந்த பெர்மிற்தான். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் (பெர்மிற்) காணியைக் கடிதம் எழுதி, சாட்சி வைத்து வாங்கினாலும் அது உங்களுடையதாகாது. அதற்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் (கிராண்ட்) கிடைத்த காணி என்றாலும் விற்கப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பத்திரத்தின் பிரதியோடு அந்தப் பகுதிக்குரிய ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்துக்கு நீங்களே போங்கள், தரகரை அனுப்ப வேண்டாம். வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட இடமா என்றும் விசாரியுங்கள். இடப்பெயர்வில் ஆளில்லாமல் காடு மண்டிய காணிகள் வனமாகிப்போன கதை முல்லைத்தீவில் நிறைய.

அது சரி என்றால் அப்புறம் நிலத்தைப் பார்க்கலாம். மழையில்லாத ஆவணியில் வன்னியில் எந்தக் காணியும் மேட்டுக்காணிதான்! அவசரமில்லை என்றால் கார்த்திகை, மார்கழியில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போங்கள். பொறுக்க முடியாதென்றால் பக்கத்து வளவில் வயதானவர் யாரிடமாவது, 2018 மார்கழி வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். குளத்து நீர் ஏறி நிற்கும் அலைகரைப் பக்கமா, குளம் நிரம்பினால் மிகுதி நீர் வெளியேறும் வான் பாயும் வழியா என்பதையும் அவர்கள்தான் சொல்வார்கள். கோரை அடர்ந்து நின்றால் அங்கே தண்ணீர் தேங்கும். இரண்டடி தோண்டி ஒரு பிடி மண் எடுத்து, நனைத்து, பென்சில் மொத்தத்துக்கு உருட்டி வளைத்துப் பாருங்கள். உடையாமல் வளைந்தால் களி அதிகம். அத்திவாரச் செலவு கூடும், கோடையில் சுவர் வெடிக்கவும் கூடும். மேசனிடம் முன்பே காட்டிவிடுங்கள்.

கிணற்றில் ஆவணியிலும் தண்ணீர் நின்றதா? நின்றிருந்தால் நல்லது. ஆனாலும் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வன்னிக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட் அதிகம், கொதிக்க வைத்தால் அது போகாது. போருக்குப் பிறகு யாரும் இறைக்காத கிணறு என்றால் ஆளை இறக்க வேண்டாம், உள்ளே வெடிபொருள் கிடக்கலாம். கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.

யானை வருகிறதா என்று கேட்க மறக்காதீர்கள். கல், மணல் ஏற்றிய டிப்பர் மாரியிலும் காணி வரை வருமா என்றும் பாருங்கள். பிரதான வீதியில் கொட்டிவிட்டு லான்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு இயந்திரத்தில்) ஏற்றி இறக்கினால் கூலி தனி.