எடுத்து வைத்த தண்ணீர் கெட்டுப்போகுமா? கேள்வியும் பதிலும்

கேள்வி: வீட்டில் மூன்று பேர். அவசரத்துக்கு எவ்வளவு குடிநீர் எடுத்து வைக்க வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். அதில் பாதி குடிக்க, மீதி சமைக்கவும் வாய் கொப்பளிக்கவும். 3 நாளுக்காவது வேண்டும் என்றால் உங்கள் வீட்டுக்கு 36 லிட்டர் ஆகிறது. இடம் இருந்தால் இரண்டு வாரத்துக்கு வைக்கலாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர், நோயாளி, கடும் வெயில் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரிய கேன் ஒன்றாக வாங்கிவிடலாமா?

நான் வாங்கிப் பட்டுவிட்டேன். 25 லிட்டர் கேனை நிரப்பி மூலையில் வைத்தேன். ஆறு மாதம் ஆகி, தண்ணீரை மாற்ற வேண்டிய நாளில் தூக்கப் பார்த்தால் அசையவில்லை. தண்ணீர் மட்டுமே 25 கிலோ ஆயிற்றே! அப்புறம் பார்க்கலாம் என்று விட்டது ஒன்றரை வருடம் அப்படியே கிடந்தது. இப்போது எல்லாம் 5 லிட்டர் கேன்கள்தான். ஒன்றில் அழுக்கு சேர்ந்தாலும் மற்றவை தப்பும்.

கேள்வி: பால் வந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். எவ்வளவு தேய்த்தாலும் பாலின் புரதமும் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டிருக்கும், கிருமிக்கு அது விருந்து. உணவுத் தரப் பிளாஸ்டிக்கில், மூடி இறுக்கமாக உள்ளதாகப் பாருங்கள். சோப்பு போட்டுக் கழுவியபின், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வாசனை சேர்க்காத பிளீச் (துணி வெளுக்கும் குளோரின் திரவம், பொடி அல்ல) கலந்து, உள்ளே எல்லா இடத்திலும் படும்படி அரை நிமிடம் குலுக்கிக் கொட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி நிரப்புங்கள்.

கேள்வி: தண்ணீருக்கு ஏது காலாவதி? ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?

சரியான கேள்வி. தண்ணீர் தானாகக் கெடாது. மூடி வழியாகவும் நம் கை வழியாகவும் உள்ளே போவதுதான் அதைக் கெடுக்கிறது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினும் நாளாக ஆகக் குறைந்துவிடும். அப்புறம் உள்ளே போன கிருமியைத் தடுக்க எதுவும் இல்லை. நாமே நிரப்பியதற்கு அதனால்தான் ஆறு மாதக் கணக்கு. கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பாட்டிலுக்கு அதில் போட்டிருக்கும் தேதியைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: வண்டி நிறுத்தும் அறை நிழலாக இருக்கிறது, அங்கே வைக்கலாமா?

பெட்ரோல், பெயின்ட், பூச்சிமருந்து இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கை ஊடுருவித் தண்ணீரில் இறங்கும். அந்த வாடை ஏறிய தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் பிளீச் விட்டாலும் குடிக்க உதவாது. கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், ரசாயனத்தை எடுக்காது.

கேள்வி: சந்தேகமான தண்ணீர்தான் கையில் இருக்கிறது என்றால்?

கிருமி பற்றிய சந்தேகம் மட்டும் என்றால், நன்றாகக் குமிழி விட்டு ஒரு நிமிடம் கொதிக்கட்டும். 2,000 மீட்டருக்கு மேலான மலைப் பகுதியில் 3 நிமிடம். அடுப்பு இல்லையா? 5 முதல் 9 சதவீதம் வரை வலிமையுள்ள, வாசனை சேர்க்காத பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டி, 4 சொட்டு. பிளீச்சும் பழசானால் வீரியம் இழக்கும். அதற்கும் தேதி எழுதி வையுங்கள்.

கேள்வி: தேதி எழுதினாலும் மாற்ற மறந்துவிடுகிறேன். பழையதைக் கொட்டவும் மனசில்லை.

கொட்டாதீர்கள். என் வீட்டில் வாரம் ஒரு கேனைச் சமையலுக்கு எடுத்துக் காலி செய்து, அன்றே நிரப்பி வரிசையின் கடைசியில் வைப்போம். பழையது முன்னால், புதியது பின்னால். பத்துக் கேன் இருந்தால் பத்து வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும், தேதியைப் பார்க்கவே வேண்டாம். குடிக்கும்போது சப்பென்று இருந்தால் இரண்டு சுத்தமான பாத்திரங்களுக்கு இடையே நாலைந்து முறை ஆற்றுங்கள். காற்று கலந்ததும் ருசி திரும்பிவிடும்.