கணினிக் கேள்வி – பதில்: தேடினால் கிடைக்காத வலைப்பூ

கே: ஏற்காட்டுக் காபி, மிளகு பற்றி வாரம் ஒரு மடல் எழுதி 600 பேருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். சொந்த சர்வரில் கோஸ்ட் 6 என்ற வலைப்பூ மென்பொருள். சேலத்து நண்பர் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் என் தளத்தைத் தேடினால் எதுவும் வருவதில்லையே?
– வாசகர், நாகலூர்

ப: நண்பர் எதைப் போட்டுத் தேடினார் என்று முதலில் கேளுங்கள். கோஸ்ட் தானாகக் கொடுக்கும் முகவரியில் உங்கள் பெயர் இருக்காது. 'இன்டெக்ஸ்' என்ற சொல்லும் உங்கள் டொமைனும்தான் இருக்கும். தளம் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தாலும் வெளியே தெரியாது.

இரண்டும் சரியென்றால் கோளாறு பெரும்பாலும் வெப்ஃபிங்கரில், அதாவது ஒரு முகவரிக்குரிய கணக்கைக் கண்டுபிடிக்கும் முறையில். யாராவது தேடியதும் மாஸ்டடான் சர்வர் உங்கள் டொமைனின் 'வெல்-நோன்' பாதைக்குப் போய், இந்தப் பெயரில் இங்கே யாராவது உண்டா என்று விசாரிக்கும். பதில் 404 (கிடைக்கவில்லை) என்றால் அப்படியே திரும்பிவிடும். எச்டிடிபிஎஸ் சான்றிதழைப் புதுப்பிக்க என்றோ என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் எழுதிய 'லொகேஷன்' (பாதை விதி) பகுதி, வெல்-நோன் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுதான் நாம் அதிகம் பார்க்கும் காரணம். அதை, சான்றிதழ் சரிபார்ப்புக்கான 'ஆக்மி-சேலஞ்ச்' உட்பாதைக்கு மட்டும் சுருக்குங்கள். வெப்ஃபிங்கர், நோட்இன்ஃபோ (தளத்தின் விவரம் சொல்வது), கோஸ்ட்டின் ஆக்டிவிட்டிபப் (மாஸ்டடான் போன்ற தளங்களோடு பேசும் நெறிமுறை) பாதை மூன்றும் ஆக்டிவிட்டிபப் சேவைக்குப் போகவேண்டும். 'என்ஜின்எக்ஸ் -டி' கொடுத்துப் பிழையில்லை என்று பார்த்த பிறகே ரீலோட்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறோம். கோஸ்ட்டில் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் வழி) அமைத்தால் லாகின் போன்ற தனித்தனி மடல்கள் மட்டும் போகும். 600 பேருக்கு மொத்தமாகப் போகும் மடலுக்கு மெயில்கன் என்ற மின்னஞ்சல் சேவையில் கணக்கு தனியாக வேண்டும். டொமைனை மெயில்கன்னில் ஐரோப்பா என்று பதிந்துவிட்டு, கோஸ்ட்டில் அமெரிக்கா என்று விட்டால் ஒரு மடலும் நகராது. எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் யார் மடல் அனுப்பலாம் என்று சொல்லும்) பதிவும் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். பழையது இருக்கும்போது இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. ஒரே வரியில் இணையுங்கள்.

கே: எங்கள் கைத்தறிக் கடையின் வேர்ட்பிரஸ் தளத்தில் ஆக்டிவிட்டிபப் பிளக்இன் போட்டோம். சிலருக்குப் பதிவைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் வளைவு அடைப்புக்குறிகளாக வருகிறது.
– அம்மாபேட்டை வாசகி

ப: கேஷ் பிளக்இன்னின் (பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாகத் தருவது) வேலை. ஒரே முகவரியில் பிரவுசர் கேட்டால் பக்கமும், மாஸ்டடான் கேட்டால் ஜேசானும் (கணினிகள் படிக்கும் தரவு வடிவம்) தரவேண்டும். 'அக்செப்ட்' என்ற தலைப்பு வரியைப் பார்த்துத்தான் தளம் இதைப் பிரிக்கிறது. கேஷ் அந்த வரியைக் கவனிக்காமல், முதலில் வந்த மாஸ்டடானுக்குக் கொடுத்த ஜேசானையே சேமித்து, அடுத்து வரும் வாடிக்கையாளருக்கும் நீட்டுகிறது. அக்செப்ட் வரிப்படி தனித்தனியாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாவிட்டால் ஜேசான் கேட்கும் கோரிக்கைகளை கேஷிலிருந்து விலக்குங்கள். பிறகு பழைய கேஷை முழுக்கக் காலிசெய்யுங்கள், இதை மறந்துவிட்டு 'சரியாகவில்லை' என்று எழுதுபவர்கள் உண்டு. புதிதாகப் பின்தொடர்பவருக்குப் பழைய பதிவுகள் தெரியாதது கோளாறு அல்ல. வேண்டிய பதிவின் முகவரியை மாஸ்டடான் தேடலில் ஒட்டினால் அது மட்டும் வரும்.

கே: இலவச டொமைனில் ஆரம்பித்துவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

ப: வேண்டாம். மின்னஞ்சல் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்துப் போகலாம். ஆனால் மாஸ்டடான் போன்ற தளங்களில் பின்தொடர்பவர்கள் டொமைனோடு கட்டப்பட்டவர்கள். முதலில் டொமைனை வாங்குங்கள்.