ஆசிரியர் அறையில் விளையாட்டு: கேள்வி பதில்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்கள், பணியிடத்தில் மனச்சோர்வு நீங்கத் தங்களுக்குள் என்ன விளையாடலாம் என்று கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பதில் அளிக்கிறார்.

மண்டபம், தொடக்கப் பள்ளி ஆசிரியை: அம்மா, எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நானும் தலைமையாசிரியரும் மட்டுமே இருக்கிறோம். இருவர் என்ன விளையாட முடியும்?

உங்களுக்கு ஆடு புலி ஆட்டத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை. கூம்பு வடிவக் கட்டத்தைத் தாழ்வாரத்தின் ஒரு மூலையில் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23 இருக்க வேண்டும். புலிகள் 3, ஆடுகள் 15. புலிக்குப் புளியங்கொட்டையும் ஆட்டுக்குச் சோழியும் போதும். நம் கடற்கரையில் சோழிக்குப் பஞ்சமில்லை. ஆடுகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலி தன்னை அடுத்திருக்கும் ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் காலியாக உள்ள அடுத்த சந்தியில் இறங்கினால் அந்த ஆடு வெட்டுப்பட்டது. 3 புலிகளும் அசைய முடியாதபடி அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி.

மணி அடித்ததும் காய்களை அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாம், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதால்தான் பள்ளிக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் தலைமையாசிரியர் எப்போதும் புலியாகவே இருக்கக் கூடாது. ஓர் ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறுங்கள். மேலதிகாரி ஆட்டுப் பக்கம் உட்கார்ந்து, காய்களை இழந்து, பொறுமையாகப் புலியை வளைக்கப் பழகும்போது, விடுப்புக் கேட்பது முதல் வகுப்பில் ஏற்பட்ட சிக்கலைச் சொல்வது வரை இருவருக்கும் இடையே பேச்சு எளிதாகிவிடும்.

தங்கச்சிமடம், பட்டதாரி ஆசிரியர்: செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு ஏற்ற விளையாட்டு எது?

இசை நாற்காலி வேண்டாம். சேலை தடுக்கி விழுவதும் முழங்கால் அடிபடுவதும் அதில்தான் அதிகம். மணல் உள்ள இடத்தில், வேப்ப மரத்தடியில், கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் விளையாடுங்கள். மணலை நீளமாகக் கரை கட்டி, அதற்குள் சிறு குச்சியை ஒருவர் ஒளித்து வைக்க, மற்றவர் இரு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் இடம் என்று நினைப்பதன் மேல் பொத்த வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவர்களும் உட்கார்ந்தபடியே ஆடலாம். யாரும் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் படம் போகும் என்று தெரிந்தால், பாதிப் பேர் விளையாடுவதை விட்டுவிட்டு முகத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார்கள்.

கீழக்கரை, ஆசிரியை: நோன்பு மாதத்தில் எங்களில் பலர் பகலில் நீர்கூட அருந்துவதில்லை. அப்போது என்ன செய்யலாம்?

ஓட்டமும் உரத்த பேச்சும் இல்லாத பல்லாங்குழி நல்லது. 14 குழிகள், குழிக்கு 5 முத்து, ஆக 70. ஒரு குழியில் 4 முத்து சேர்ந்தால் அது பசு. அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டால் இடைவேளைக்குள் முடிந்துவிடும். ஆடிக்காற்று வீசும் மாதங்களிலும் இதுவே உகந்தது. சீட்டுகளைப் போல முத்துகள் பறந்து போகமாட்டா.

நோன்பு இல்லாத நாட்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிப்பறை சரியில்லை என்பதற்காகக் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காத ஆசிரியைகள் நம்மிடையே ஏராளம். சிறுநீர்த் தொற்றும் பிற்பகல் தலைவலியும் அதனால் வருகின்றன. முதலில் ஒரு குவளை தண்ணீர், பிறகு விளையாட்டு. கழிப்பறைக்காக எழுத்து மூலம் கோரிக்கை கொடுங்கள்.

தொண்டி, ஆசிரியர்: ஆசிரியர் தின விளையாட்டு ஏதேனும் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் ஆசிரியருக்கு அளித்த பதிலைப் பாருங்கள்.

சாயல்குடி, முதுகலை ஆசிரியர்: எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளப் பதிவு, தேர்தல் பணி, விடைத்தாள் என்று சுமை கூடிக்கொண்டே போகிறது. அதைக் குறைக்காமல் எங்களை விளையாடச் சொல்வது ஏமாற்று வேலை அல்லவா?

உங்கள் கோபம் நியாயமானது. விளையாட்டுதான் வேலைச்சுமைக்கு மருந்து என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுமையைச் சங்கத்தின் வழியாகவும் அலுவலகத்திலும் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். நான் சொல்வது வேறு. மதிய இடைவேளை ஏற்கெனவே உங்களுக்கு உரியது. அதைப் பதிவேட்டுக்கும் திருத்தும் தாளுக்கும் நாமே விட்டுக்கொடுத்துவிட்டோம். அதில் கால் மணி நேரத்தை மீட்டு, சக ஆசிரியரோடு சிரித்துப் பேசி இருப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒன்றாக விளையாடிப் பழகியவர்கள், சுமையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப் போகும்போதும் ஒன்றாகவே போவார்கள்.

தேவிபட்டினம், தலைமையாசிரியர்: விருப்பத்துக்கு விட்டபோது இருவர்தான் வந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அனைவரும் கலந்துகொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டு, வருகைப் பதிவும் வைத்த பிறகு எல்லோரும் வருகிறார்கள். சாயல்குடி நண்பர் கட்டாயத்தின் பயனை உணரவில்லை.

ஐயா, இதை நான் கடுமையாக மறுக்கிறேன். வருகைப் பதிவில் கையெழுத்திட்டு விளையாட வருபவருக்கு அது இன்னொரு பணி. அந்த நேரத்தில் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை யார் கவனிக்கிறார்கள் என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. மாதவிடாய் வலியில் இருப்பவர், வீட்டில் துக்கம் நடந்தவர், ராமேசுவரம் பேருந்தைத் தவறவிட்டால் இருட்டிய பிறகே வீடு சேர முடிகிறவர் ஆகியோர் உங்கள் முகத்துக்காகச் சிரித்துவிட்டுப் போவார்கள். தாமாக வந்த இருவரே போதும். அவர்களுடைய சிரிப்புச் சத்தம் கேட்டு மூன்றாமவர் தானாக வருவார், வராவிட்டாலும் குறையில்லை. சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்.

வாலிநோக்கம், ஆசிரியை: கட்டாயம் தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் வெளிமாவட்டத்திலிருந்து வந்து வாடகை அறையில் தனியாகத் தங்கியிருக்கும் இளம் ஆசிரியர்கள் தாமாக வந்து சேர்வதில்லையே?

இந்த விவாதத்தில் மிகத் தேவையான கேள்வி இதுதான். அவரை ஆட அழைக்காதீர்கள். முத்து எண்ணித் தரும்படி உதவி கேளுங்கள். வேடிக்கை பார்ப்பதற்கும் இடம் வேண்டும். இன்னொரு வழி, மீன் பெயர்ச் சொல் விளையாட்டு. ஒருவர் ஒரு மீனின் பெயரைச் சொல்ல, அடுத்தவர் முன்பு சொல்லாத வேறொன்றைச் சொல்ல வேண்டும்: சீலா, பாறை, நகரை, ஊளி, காரல், திருக்கை, நெத்திலி என்று போகும். வெளியூர்க்காரர் ஐந்தாறு பெயரிலேயே நின்றுவிடுவார். அப்போது சத்துணவுச் சமையலரை அழைத்து உட்கார வையுங்கள். அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, புதியவர் கேட்டு எழுதிக்கொள்வார். அடுத்த வாரம் வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடம் பேச அவருக்குச் சொற்கள் கிடைத்திருக்கும்.

பாம்பன், ஆசிரியர்: இராமநாதபுரத்திலிருந்து தினமும் பேருந்தில் வருகிறோம். பயணத்தில் ஆட ஏதாவது உண்டா?

மேலே சொன்ன மீன் பெயர் விளையாட்டே போதும். காலையில் மட்டும் ஆடுங்கள். மாலையில் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள்.

ஏர்வாடி, ஆசிரியை: பல வாரங்களாகத் தூக்கமில்லை, பள்ளிக்குக் கிளம்பும்போதே அழுகை வருகிறது. எந்த விளையாட்டு உதவும்?

அம்மா, இதற்கு விளையாட்டு விடையாகாது. இன்றே மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நம்பிக்கையான ஒருவரிடம் இதைச் சொல்லிவிட்டு, அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

உச்சிப்புளி, ஆசிரியர்: ஆசிரியர் தினத்தில் வெற்றி பெறுபவருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்? படம் எடுத்து அனுப்பலாமா?

ஆசிரியர் தினம் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கப்படுகிறது. மேலுள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள். பரிசு வேண்டாம், படமும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு பல்லாங்குழிப் பலகை வாங்கி ஆசிரியர் அறை அலமாரியில் பூட்டாமல் வையுங்கள்.