கோவை முருகானந்தத்தின் நாப்கின் இயந்திரம் மட்டும் எப்படி அவ்வளவு மலிவு?

கம்பெனி இயந்திரம் கோடிக்கணக்கில் ஆகும்போது இவருடையது ஒரு லட்சத்துக்குள் எப்படி அடங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய இயந்திரத்தைச் சின்னதாக்கினார் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வெல்டிங் பட்டறைக்குப் போன அருணாசலம் முருகானந்தம் முதலில் சிக்கியது இயந்திரத்தில் இல்லை, பஞ்சில். சாதாரணப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சும், ஆனால் அழுத்தினால் வெளியே விட்டுவிடும். கடையில் விற்கும் நாப்கினுக்குள் இருப்பது மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு 2 வருடத்துக்கு மேல் ஆனது.

அந்தக் கூழ் கெட்டியான அட்டையாகத்தான் வரும். அதை நாராக உதிர்ப்பதுதான் கஷ்டமான வேலை. அதற்கு அவர் செய்தது நம் வீட்டு மிக்ஸி மாதிரி ஒரு சுழலும் கத்தி, அவ்வளவுதான். அப்புறம் உதிர்ந்த நாரை அச்சில் போட்டு அழுத்துவது, மெல்லிய துணியில் சுற்றி ஓரத்தை ஒட்டுவது, கடைசியில் புற ஊதா ஒளியில் கிருமி நீக்குவது. கம்பெனியில் இதெல்லாம் ஒரே ஓட்டமாகத் தானாக நடக்கும். இங்கே ஒவ்வொன்றும் தனித்தனி, நடுவில் இதை ஓட்டும் மகளிர் குழுப் பெண்கள் கையால் எடுத்து வைக்கிறார்கள், செலவு குறைந்தது அங்கேதான்.

வேகம் குறைவுதான். ஒரு நாளைக்குச் சில நூறு வந்தாலே சுற்றுவட்டாரத்துக்குப் போதும். ஆனால் மரக்கூழை வெளியில்தான் வாங்கியாக வேண்டும், அதன் விலை ஏறினால் மகளிர் குழுக்களுக்குக் கையைக் கடிக்கும்.