நோயாளியைப் பார்க்கத் தெரிகிறது, பாடம் எடுக்கத் தெரியவில்லையே!

கேள்வி: பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து 6 மாதம் ஆகிறது. வார்டில் 15 மாணவர்களுக்கு கிளினிக்ஸ் (நோயாளியை நேரில் வைத்துப் பாடம்) எடுக்கிறேன். ஒருவர் கேஸ் சொல்கிறார் (நோயாளியின் விவரங்களைச் சொல்கிறார்), மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. கடைசியில் நானே அரை மணி நேரம் பேசி முடிக்கிறேன். ஓ.பி.யில் கூட்டம் வேறு காத்திருக்கிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: நீங்கள் தேர்ந்த மருத்துவராக இருப்பதே இந்தச் சிக்கலுக்குப் பாதிக் காரணம். நோயாளி கட்டிலில் உட்கார்ந்திருக்கும் விதம், கழுத்து ரத்தக்குழாய், கால் வீக்கம் எல்லாம் ஒரே பார்வையில் கண்ணில் பட்டு, நோய் இன்னதென்று அரை நிமிடத்தில் தோன்றிவிடுகிறது. பார்த்துப் பார்த்துப் பழகிய வேகம் அது. எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்பது உங்களுக்கே மறந்திருக்கும். மாணவருக்கு வேண்டியது அந்த வழிதான்.

அதனால் வாரத்தில் ஒரு நாளாவது, நீங்களும் முன்பு பார்த்திராத நோயாளி ஒருவரை மாணவர்களோடு சேர்ந்து பாருங்கள். எதைக் கவனித்தீர்கள், எதைச் சந்தேகப்பட்டீர்கள், எந்த இடத்தில் எண்ணத்தை மாற்றிக்கொண்டீர்கள் என்று வார்டுக்கு வெளியே வந்ததும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். பேராசிரியருக்கும் குழப்பம் வரும் என்று தெரிந்தாலே மாணவருக்குத் தைரியம் வந்துவிடும்.

சரி, நேரமில்லாத நாளில்? 1992-ல் ஜான் நெஹர் என்ற அமெரிக்கக் குடும்ப மருத்துவரும் சகாக்களும் 5 படிகள் கொண்ட ஒரு முறையை எழுதினார்கள். ‘ஒரு நிமிட ஆசிரியர்’ என்ற பொருளில் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நம் ஓ.பி.க்கு அப்படியே பொருந்தும்.

60 வயதுக்காரர், மூச்சிரைப்பு, நெஞ்சில் வீசிங் (விசில் போன்ற மூச்சொலி) கேட்கிறது என்கிறார் மாணவர். உடனே விளக்க ஆரம்பிக்காமல், “உனக்கு என்ன தோணுது?” என்று கேளுங்கள். “ஆஸ்துமா சார்.” சரியா தவறா என்று முகத்தில்கூடக் காட்டாமல், “எதை வெச்சுச் சொல்றே?” என்று கேளுங்கள். வீசிங்கை மட்டும் சொன்னால், எந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். படுத்தால் இரைப்பு கூடுகிறதா என்ற, இதயக் கோளாறைத் தேடும் கேள்வியை அவர் கேட்டிருக்கவே மாட்டார். இப்போது ஒரே ஒரு பொது விதியைச் சொல்லுங்கள்: இந்த வயதில் புதிதாக வரும் வீசிங்கை, இதயத்தைப் பார்க்காமல் ஆஸ்துமா என்று முடிக்கக் கூடாது. அப்புறம், அவர் சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். கடைசியாக, திருத்த வேண்டியதைச் சொல்லுங்கள். ஐந்தும் சில நிமிடங்களில் முடியும். இதய நோய் பற்றிய முழுப் பாடத்தை அங்கே எடுக்காதீர்கள், யாருக்கும் மனதில் நிற்காது.

மற்ற 14 பேர் பேசாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம். நான் மாணவனாக இருந்தபோது, தவறான விடை சொன்னதற்காக நோயாளியின் எதிரிலேயே திட்டு வாங்கினேன். அந்த போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) முடியும்வரை பின்வரிசையை விட்டு நகரவில்லை. கேஸ் சொல்லி முடித்ததும் எல்லோரையும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு நோயின் பெயரையும் ஒரு காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு பேச்சு தானாக வரும்.

பரிசோதனை முறைகளைக் கற்றுத்தர வேறு வழி வேண்டும். ராட்னி பெய்ட்டன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் சொன்ன 4 படிகள் எனக்குப் பிடித்தவை. மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் எதுவும் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்யுங்கள். இரண்டாம் முறை விளக்கியபடி செய்யுங்கள். மூன்றாம் முறை மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்ய வேண்டும். இந்தப் படியைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். “இடது விலா எலும்புக்குக் கீழே ஆரம்பிங்க சார்” என்று அவர் சொன்னால் அங்கேயே பிழை பிடிபடும். மண்ணீரல் வீங்கும்போது வலது அடிவயிற்றை நோக்கி வளரும்; அங்கே தொடங்காவிட்டால், மிகப் பெரிதாக வீங்கிய மண்ணீரல் கைக்குத் தப்பிவிடும். நான்காம் முறை அவரே சொல்லிக்கொண்டு செய்யட்டும். இந்த நான்கையும் நோயாளியின் வயிற்றில் செய்யாதீர்கள். மாணவர்கள் ஒருவரையொருவர் வைத்துப் பழகட்டும், நோயாளியிடம் ஓரிருவர் போனால் போதும்.

தேசிய மருத்துவ ஆணையம் ஆசிரியர்களுக்கு வைத்திருக்கும் மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சிக்கு இன்னும் போகவில்லை என்றால், பெயர் கொடுத்துவிடுங்கள்.

நோயாளியை மறந்துவிட வேண்டாம். 15 பேர் சூழ்ந்து நிற்கும்போது கட்டிலில் படுத்திருப்பவருக்கு எப்படி இருக்கும்? முதலில் அனுமதி கேளுங்கள், திரையை இழுத்துவிடுங்கள், பேரைச் சொல்லிப் பேசுங்கள். கேன்சரா என்ற விவாதத்தை வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் பேசினால் புரியாது என்று நினைக்காதீர்கள். கிளம்பும்போது, “ஏதாவது கேக்கணுமாம்மா?” என்று நீங்களே கேளுங்கள். நீங்கள் கேட்பதை மாணவர்கள் பார்க்கட்டும்.