சர்க்கரையும் சக்கர நாற்காலியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. எனக்கு 26 வருஷமாக டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை), இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால், அந்தக் காலோடு பல வருஷம் நீளம் தாண்டினேன். அதனால் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு இவற்றையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வயது 22. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. பந்தய நாற்காலியில் 400, 1500 மீட்டர் ஓட்டுகிறேன். போன வருஷம் டைப் 1 சர்க்கரை வந்தது. "ரெண்டையும் வெச்சுக்கிட்டு பந்தயம் எதுக்கு?" என்கிறார் டாக்டர். விட்டுவிடலாமா, அண்ணா?

விடாதீர்கள், தம்பி. ஆனால் விளையாட்டு வீரர்களின் உடம்பைத் தெரிந்த சர்க்கரை டாக்டர் ஒருவரைத் தேடுங்கள். வாசிம் அக்ரமுக்கு 1997இல் சர்க்கரை என்று தெரிந்தது, அப்புறம் 2003 உலகக் கோப்பை வரை வேகப்பந்து வீசினார், ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் என்ற எண்ணைத் தொட்டதும் அந்தத் தொடரில்தான். படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவுக்கும் 1997இல்தான் வந்தது, 2000இல் சிட்னியில் ஐந்தாவது ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியர், டைப் 1 வந்த மறு வருஷமே தங்கம், 2004இல் மறுபடியும் தங்கம்.

சரி, இவர்கள் யாருக்கும் உங்களுக்கு இருக்கும் இன்னொரு சிக்கல் இல்லை. அதைத்தான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை இறங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், இல்லையா? அந்தச் செய்தியை உடம்புக்குக் கொண்டுபோகிற நரம்புகள் தண்டுவடம் வழியாகத்தான் வருகின்றன. நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்புக்கு மேலே அடிபட்டிருந்தால் இந்த அறிகுறிகள் மங்கலாக வரலாம், சிலருக்கு வராமலே போகலாம். மிஞ்சுவது மூளை காட்டுகிற அறிகுறிகள்தான்: பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், தடத்தை விட்டு நாற்காலி விலகும். இதை உங்களால் கவனிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க முடியும். அதனால் கோச்சிடமும் கூடப் பயிற்சி செய்பவர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "உனக்கு என்ன ஆச்சு" என்று அவர்கள் கேட்ட அந்த நிமிஷமே நிறுத்தி அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி அளவு.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கத் தோலில் ஒட்டும் சென்சாரை எங்கே ஒட்டுவது என்பதிலும் உங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. மேல் கையில் ஒட்டினால் சக்கரத்தில் உரசும். வயிற்றில் ஒட்டினால், பந்தய நாற்காலியில் முழங்காலின் மேல் நெஞ்சைக் கவிழ்த்து உட்காரும்போது அழுந்தும், அழுந்திய சென்சார் உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும். பயிற்சி நாட்களில் இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள், போட்டியன்று புது இடம் வேண்டாம். சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது சென்சார் சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும், ஆகவே சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். கையுறையைக் கழற்றி, விரலைக் கழுவித் துடைத்த பிறகு. ஒருமுறை குளுக்கோஸ் ஜெல் பிசுபிசுத்த விரலிலேயே குத்தினேன், 190 என்று காட்டியது. நம்பி ஓடுபாதைக்குப் போய்விட்டேன். நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்தபோது கழுவிய விரலில் வந்த எண் 54.

இன்சுலினை வயிற்றில் போடுங்கள். உழைக்கிற கையில் போட்டால் வேகமாக உறிஞ்சப்படும். வயிற்றிலும் உங்களுக்கு உணர்வில்லை, புண் வந்தால் தெரியாது, அதனால் போடும் இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயிற்சியில் 140, 150 என்று இருக்கும் சர்க்கரை போட்டியன்று மட்டும் 260க்கு ஏறிவிடுகிறது. சாப்பாடு அதேதான். என்ன தப்பு செய்கிறேன்?

ஒரு தப்பும் இல்லை. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின், கல்லீரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டச் சொல்கிறது. குறுகிய, முழுவேக ஓட்டங்களில் இது இன்னும் அதிகம். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுவிட்டு ஓடினால், பதற்றம் அடங்கிய பிறகு கிடுகிடுவென இறங்கும். போட்டி நாளுக்கான திருத்த அளவை டாக்டரோடு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 270ஐத் தாண்டினால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பாருங்கள். அது 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்குப் போட்டி கிடையாது, எவ்வளவு பெரிய போட்டியாக இருந்தாலும். இரவையும் மறக்காதீர்கள், உழைத்த தசை 24 மணி நேரம் வரைகூட ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். நான் இரண்டு மணிக்கு அலாரம் வைப்பேன்.

கேள்வி: இன்சுலின் ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கிறதாமே? சர்க்கரை இருப்பதை வைத்து பாராலிம்பிக்கில் சேர முடியுமா?

இருக்கிறது. ஆனால் சர்க்கரை உள்ளவர் சிகிச்சைக்கான விலக்கு வாங்கிக்கொண்டு தாராளமாகப் போடலாம். போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பியுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரைக்கு இந்த விலக்கு தேவையில்லை. சர்க்கரையை மட்டும் வைத்து பாராலிம்பிக் வகைப்பாட்டில் இடம் கிடைக்காது. சர்க்கரையால் கால் போயிருந்தாலோ பார்வை குறைந்திருந்தாலோ அந்தக் குறையை வைத்து வகைப்படுத்துவார்கள்.

கேள்வி: என் மகன் செயற்கைக் காலோடு குண்டு எறிகிறான். பதினோரு வயதிலிருந்து சர்க்கரை. காலின் மீந்த பகுதியில் அடிக்கடி கொப்புளம் வருகிறது, "வலிக்கலம்மா" என்று சொல்லி விளையாடப் போய்விடுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. வலிக்கவில்லை என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். அவர் பொய் சொல்லவில்லை, சர்க்கரை நரம்பைத் தொட்டிருந்தால் நிஜமாகவே வலிக்காது. தினமும் இரவு செயற்கைக் காலைக் கழற்றியதும் ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்து, வெளிச்சத்தில் தோல் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். காலைக் கழற்றிப் பத்து நிமிஷம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால் சாக்கெட் (மீந்த கால் நுழையும் கிண்ணம்) அங்கே அழுத்துகிறது, செய்து கொடுத்தவரிடம் உடனே காட்டிச் சரிசெய்ய வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கும் வாரங்களில் வீக்கமும் மாறும், நேற்று பொருந்திய சாக்கெட் இன்று பொருந்தாது. இது எனக்கே பலமுறை நடந்தது. குண்டு எறிகிறவர்கள் பயிற்சியில் எடையும் தூக்குவார்கள் என்பதால் வருஷம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அங்கே ரத்தக் குழாய்கள் பலவீனமாக இருந்தால் மூச்சை அடக்கித் தூக்குவது ஆபத்து.

கொப்புளம் வந்த நாளில் செயற்கைக் காலைப் போடவே கூடாது, அது ஆறும்வரை. அதுவரை உட்கார்ந்து செய்யும் தோள், கைப் பயிற்சிகளைக் கோச் கொடுப்பார், கேட்கச் சொல்லுங்கள்.